தொட்டிப்பாலமும் இருவகைக் கோடுகளும்

மேற்குத் தொடர்ச்சி மலை தென்கடலை நோக்கி இறங்கி முடிவடையும் இடத்தில் அமைந்திருப்பது கன்னியாகுமரி மாவட்டம். தென்மேற்குப் பருவக்காற்றும் வடகிழக்குப் பருவக்காற்றும் இம்மாவட்டத்திற்கு மழை தருகின்றன. மலையில் பிறக்கும் கோதையாற்றைப் பேச்சிப்பாறை அணையும், பறளியாற்றைப் பெருஞ்சாணி அணையும் தேக்கி நிறுத்துகின்றன. அங்கிருந்து புறப்படும் கால்வாய்கள் கிளை கிளையாகப் பிரிந்து வயல்களை அடைகின்றன. தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய வட்டங்களில் பரந்து கிடக்கும் நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூ, கும்பப்பூ என இரு போகம் நெல் விளைவது இந்நீரின் துணையால்தான். நாஞ்சில் என்னும் சொல்லுக்கே கலப்பை என்பது பொருள்.

நாஞ்சில் நாட்டிற்கு மேற்கே நிலத்தின் இயல்பு வேறு. கல்குளம், விளவங்கோடு ஆகிய பகுதிகளில் குன்றும் பள்ளமும் மாறி மாறி வருகின்றன. கால்வாயில் வரும் நீர் பள்ளத்தைக் கண்டால் அதனுள் இறங்கிவிடும். தானே எழுந்து மறுபுறத்து மேட்டில் ஏறாது. பட்டணங்கால் என்னும் கால்வாயின் வழியில் அத்தகைய பெரும்பள்ளம் ஒன்று குறுக்கிட்டது. திருவட்டாற்றுக்கு அண்மையிலுள்ள மாத்தூரில், கணியான் பாறை, கூட்டுவாயுப் பாறை என்னும் இரு குன்றுகளுக்கு நடுவே பறளியாறு ஆழத்தில் ஓடுகிறது. ஒரு குன்றிலுள்ள நீரை மற்றொரு குன்றுக்குக் கொண்டு சேர்க்க வேண்டுமாயின், ஆற்றுக்கு மேலே வானத்தில் ஒரு வாய்க்கால் வெட்ட வேண்டும்!

அவ்வாறே செய்தனர். 1966 ஆம் ஆண்டில் அமைந்த மாத்தூர் தொட்டிப்பாலம் வண்டி செல்வதற்கான பாலம் அன்று. நீர் செல்வதற்கான பாலம். 28 தூண்கள் அதனைத் தாங்குகின்றன. அவற்றுள் மிக உயர்ந்தவை 115 அடி உயரம் உடையவை. தூண்களின் தலைமேல் ஏறக்குறைய ஏழடி ஆழமுள்ள நீண்ட தொட்டி கிடக்கிறது. தொட்டியின் மேற்புறத்தைக் காங்கிரீட்டுப் பலகைகள் ஓரளவு மூடியிருப்பதால், மக்கள் அதன்மேல் நடந்தே அக்கரை செல்லலாம். காலடியில் கால்வாய், அதற்கும் கீழே, வெகு ஆழத்தில், ஆறு.

இப்பாலத்தைக் காண வருவோரில் பெரும்பாலோர் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு கீழே எட்டிப் பார்ப்பர். தலை சுற்றுகிறது என்பர். இளநீர் அருந்திவிட்டுத் திரும்பிவிடுவர். கணக்குப் பாடம் கற்கும் மாணவன் ஒருவனுக்கு இங்கே வேறொரு காட்சி உண்டு. நெடுகக் கிடக்கும் தொட்டி ஒரு கோடு; நிமிர்ந்து நிற்கும் தூண் மற்றொரு கோடு. இவ்விரு கோடுகளே ஒரு வகுப்பில் பெரும் வழக்கு ஒன்றை உண்டாக்கின.

பத்தாம் வகுப்பில் ஆயத்தொலை வடிவியல் தேர்வு நடந்தது. கிடைமட்டக் கோட்டின் சாய்வு யாது என்பது ஒரு வினா. செங்குத்துக் கோட்டின் சாய்வு யாது என்பது அடுத்த வினா. மாணவன் ஒருவன் இரண்டிற்கும் "சுழி" என்று எழுதினான். மாணவி ஒருத்தி இரண்டிற்கும் "சாய்வு இல்லை" என்று எழுதினாள். இருவருக்கும் பாதி மதிப்பெண்ணே கிடைத்தது. இருவரும் இதனை ஏற்கவில்லை.

"சாய்வு இல்லை என்றாலும் சுழி என்றாலும் ஒன்றுதானே ஐயா? நிமிர்ந்த தூண் எந்தப் பக்கமும் சாயவில்லை. சாயாத தூணுக்குச் சாய்வு சுழி என்று எழுதியது எப்படித் தவறாகும்?" என்று கேட்டான் மாணவன்.

வினா நேர்மையானது. சூத்திரத்தைக் கரும்பலகையில் மீண்டும் எழுதிக் காட்டுவதால் அதனை அடக்கிவிடலாம்; ஆனால் ஐயம் தீராது. ஆசிரியர் அதனை உணர்ந்தவர். அடுத்து வந்த சனிக்கிழமையன்று வகுப்பை மாத்தூருக்கு அழைத்துச் சென்றார்.

பேருந்தை விட்டு இறங்கியதும் அவர் பாலத்தின்மேல் ஏறவில்லை. ஆற்றங்கரையிலிருந்து பாலத்திற்கு ஏறிச் செல்லும் நீண்ட படிக்கட்டின் அடியில் மாணவர்களை நிறுத்தினார்.

"இப்படிக்கட்டில் ஒரு படியை உற்று நோக்குங்கள். அதன் முகம் செங்குத்தானது. கால் வைக்கும் இடம் கிடைமட்டமானது. முகம் அரை அடி உயரமும், மிதிக்கும் இடம் ஓரடி அகலமும் உடையன என்று வைத்துக்கொள்வோம். ஒரு படி ஏறியவன் எவ்வளவு முன்னே சென்றான்? எவ்வளவு மேலே சென்றான்?"

"முன்னே ஓரடி, மேலே அரை அடி."

"பத்துப் படி ஏறினால்?"

"முன்னே 10 அடி, மேலே 5 அடி."

"நூறு படி ஏறினால்?"

"முன்னே 100, மேலே 50."

"ஏற்றத்தை ஓட்டத்தால் வகுத்துப் பாருங்கள்."

அரையை ஒன்றால் வகுத்தாலும், ஐந்தைப் பத்தால் வகுத்தாலும், ஐம்பதை நூறால் வகுத்தாலும் அரையே வந்தது. எந்தப் படியில் தொடங்கி எந்தப் படியில் முடித்தாலும் மாறாத அந்த எண்ணே படிக்கட்டின் சாய்வு. சாய்வு என்பது உயரம் அன்று, தொலைவும் அன்று. ஓரடி முன்னே செல்பவன் எத்தனை அடி மேலே செல்கிறான் என்பதற்கு விடையாக நிற்கும் எண் அது. இறங்கிச் செல்பவனுக்கு ஏற்றம் எதிர்மறையாகும். ஆகவே சாய்வும் எதிர்மறை எண்ணாகும். சக்கர நாற்காலியில் வருவோருக்காகக் கட்டடங்களில் அமைக்கும் சாய்தளத்திற்கு 12க்கு 1 என்னும் அளவை வகுத்திருக்கிறார்கள். பன்னிரண்டடி முன்னே சென்றால் ஓரடி ஏறலாம். அதைவிட மிகுதியானால் கை சோர்ந்துவிடும் என்பது அதன் கருத்து. படிக்கட்டின் சாய்வு அதனினும் ஆறு மடங்கு. கால் நோகாமல் வேறென்ன செய்யும்!

படியேறிப் பாலத்தின்மேல் வந்து சேர்ந்தபோது அனைவருக்கும் மூச்சு வாங்கிற்று. கால்வாயில் நீர் விடப்பட்டிருந்த காலம் அது. பலகைகளின் இடைவெளியில் நீர் மெல்ல ஓடுவது தெரிந்தது. ஆசிரியர் தம் குறிப்பேட்டில் ஒரு படம் வரைந்தார். பள்ளத்தின் அடிமட்டத்தைக் கிடை அச்சாகக் கொண்டார். இக்கரையிலிருந்து அக்கரை நோக்கிய தொலைவுகளை அதன்மேல் குறித்தார். உயரங்களை நிலை அச்சின்மேல் குறித்தார். தொட்டியை 115 அடி உயரத்தில் ஒரு நேர்கோடாக வரைந்தார்.

"இக்கோட்டின்மேல் இரண்டு புள்ளிகளை எடுத்துக்கொள்வோம். ஒன்று 50 அடித் தொலைவில். மற்றொன்று 200 அடித் தொலைவில். ஓட்டம் எவ்வளவு?"

"150 அடி."

"ஏற்றம்?"

"இரண்டின் உயரமும் 115 அடி. ஆகவே ஏற்றம் சுழி."

"சுழியை 150 ஆல் வகுத்தால்?"

"சுழி."

"ஓரடி முன்னே சென்றால் எத்தனை அடி ஏறுவோம் என்று கேட்டோம். சுழி அடி என்று விடை கிடைத்தது. இது விடையா, விடையின்மையா?"

மாணவி சற்றே தயங்கினாள். பின்பு, "விடைதான் ஐயா. நடந்தோம், ஆனால் ஏறவில்லை. எவ்வளவு ஏறினோம் என்று சொல்ல முடிகிறது," என்றாள். அவள் எழுதிய இரு விடைகளுள் முதலாவது ஏன் தவறென்பது அவளுக்கே புலப்பட்டுவிட்டது.

இவ்விடத்தில் பேச்சுவழக்கே மாணவர்களை வழி தவறச் செய்கிறது என்று சொல்ல வேண்டும். வீட்டின் தரையைப் பார்த்து, "சரிவே இல்லை, மட்டமாக இருக்கிறது" என்கிறோம். அங்கே இல்லை என்னும் சொல் சுழியைக் குறிக்கிறது. இயற்கணிதத்தில் சாய்வு இல்லை என்றால் அப்பொருள் அன்று. நாஞ்சில் நாட்டு வீடுகளில் நெல் சேர்த்து வைக்கும் பத்தாயத்தை எண்ணிப் பார்க்கலாம். அறுவடைக்கு முன் ஒரு வீட்டின் பத்தாயம் வெறுமையாக இருக்கிறது. அதில் எத்தனை கோட்டை நெல் உண்டு என்று கேட்டால், சுழி என்பது சரியான கணக்கு. அடுத்த வீட்டில் பத்தாயமே கிடையாது. அவ்வீட்டுப் பத்தாயத்தில் எத்தனை கோட்டை நெல் என்று கேட்டால் என்ன சொல்வது? சுழி என்றால் பத்தாயம் உண்டென்று ஆகிவிடும். கேள்வியே அங்கே பொருந்தவில்லை. கிடைக்கோடு வெறும் பத்தாயம் உள்ள வீடு. செங்குத்துக்கோடு எத்தகைய வீடு என்பதைத் தூணிடம்தான் கேட்க வேண்டும்.

ஆசிரியர் அடுத்த படத்தில் ஒரு தூணின் நடுக்கோட்டை வரைந்தார். அது 100 அடித் தொலைவில் நிற்பதாகக் கொண்டார். அதன்மேல் 20 அடி உயரத்தில் ஒரு புள்ளியும் 110 அடி உயரத்தில் ஒரு புள்ளியும் குறித்தார்.

"ஏற்றம் 90 அடி," என்றான் மாணவன். "ஓட்டம்... 100லிருந்து 100ஐக் கழித்தால் சுழி. தொண்ணூறைச் சுழியால் வகுக்க வேண்டும்."

"வகுத்துச் சொல்."

"சுழி ஐயா."

"ஆறை இரண்டால் வகுத்தால் மூன்று என்பது எப்படித் தெரியும்?"

"மூன்றை இரண்டால் பெருக்கினால் ஆறு வருகிறது."

"அதே சோதனையை இங்கும் செய்து பார். உன் விடையைச் சுழியால் பெருக்கினால் தொண்ணூறு வர வேண்டும்."

சுழியைச் சுழியால் பெருக்கினான், சுழியே வந்தது. ஒன்றைப் பெருக்கினான், ஆயிரத்தைப் பெருக்கினான். எதனைப் பெருக்கினாலும் சுழியே வந்தது, தொண்ணூறு வரவில்லை. அப்படியோர் எண் இல்லை என்பதை அவன் வாயாலேயே சொல்ல நேர்ந்தது. கிடைக்கோட்டில் சுழி மேலே இருந்தது. இங்கே அது கீழே வந்துவிட்டது. மேலே இருந்தபோது ஒரு விடை தந்தது. கீழே வந்ததும் விடைக்கே இடமில்லாமல் செய்துவிட்டது.

மாணவன் எளிதில் விடுவதாக இல்லை. "எண் இல்லாவிட்டால், முடிவிலி என்று சொல்லலாமே? மிகவும் செங்குத்தாக இருப்பதால் சாய்வு மிகமிகப் பெரியது என்று கொள்ளக்கூடாதா?" என்றான்.

இதனைச் சிறுவன் ஒருவனின் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. இந்நாட்டின் பெரும் கணித அறிஞர்களே இவ்விடத்தில் நின்று எண்ணியிருக்கின்றனர். 628 ஆம் ஆண்டில் பிரம்மகுப்தர் தாம் இயற்றிய பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் சுழியைக் கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் விதிகள் தந்தார். வகுத்தலுக்கு வந்தபோது, சுழியைச் சுழியால் வகுத்தால் சுழி என்றார். இக்காலக் கணிதம் அதனை ஏற்பதில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் இரண்டாம் பாஸ்கரர், ஓர் எண்ணைச் சுழியால் வகுத்து வருவதைக் கஹரம் என்று பெயரிட்டு, அதனை முடிவற்ற அளவாகக் கருதினார். மாணவன் கேட்டது பாஸ்கரரின் வழியிலான கேள்வியே. அவ்வழி தவறிவிடும் இடம் எது என்பதைத் தூணை அசைத்துப் பார்த்தால் காணலாம்.

நூறடி உயரத்திற்கு ஒரு மூங்கிலை நட்டிருப்பதாக எண்ணிக்கொள்வோம். அதன் நுனி, அடிக்கு நேர்மேலே இல்லாமல், அக்கரைப் பக்கம் 10 அடி விலகியிருக்கிறது. ஏற்றம் 100, ஓட்டம் 10, சாய்வு 10. மூங்கிலைச் சற்று நிமிர்த்துகிறோம். விலகல் ஓரடி ஆகிறது, சாய்வு 100. இன்னும் நிமிர்த்தி விலகலை ஓர் அங்குலம் ஆக்கினால் சாய்வு 1,200. அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு ஆக்கினால் 12,000. நிமிர நிமிர எண் பெருகிக்கொண்டே செல்கிறது. இதுவரை மாணவன் சொல்வது மெய்யே.

இனி மூங்கிலை இக்கரைப் பக்கம் சாய்த்துப் பார்ப்போம். நுனி 10 அடி பின்னே விலகினால் ஓட்டம் எதிர்மறை. சாய்வு கழித்தல் 10. ஓரடி விலகினால் கழித்தல் 100. ஓர் அங்குலம் விலகினால் கழித்தல் 1,200. அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு விலகினால் கழித்தல் 12,000. நிமிர நிமிர எண் அதலபாதாளத்தை நோக்கி இறங்குகிறது. இரு புறத்திலிருந்தும் வந்த மூங்கில்கள் ஒரே செங்குத்து நிலையில் சந்திக்கின்றன. ஒன்றின் எண் வரம்பின்றி ஏறிச் சென்றது. மற்றொன்றின் எண் வரம்பின்றி இறங்கிச் சென்றது. நடுவில் நிமிர்ந்து நிற்கும் தூணுக்கு இவற்றுள் எதனைக் கொடுப்பது? ஏறிய முடிவிலியைக் கொடுத்தால் இக்கரை மூங்கில் வழக்கிடும். இறங்கிய முடிவிலியைக் கொடுத்தால் அக்கரை மூங்கில் வழக்கிடும். எனவே, செங்குத்துக்கோட்டின் சாய்வு வரையறுக்கப்படவில்லை என்று கணித நூல்கள் எழுதுகின்றன. கிடைக்கோட்டின் அருகில் இத்தகைய சிக்கல் ஒன்றும் எழுவதில்லை. மெல்ல ஏறும் கோட்டின் சாய்வும், மெல்ல இறங்கும் கோட்டின் சாய்வும் சுழியிலேயே வந்து கூடுகின்றன.

"அப்படியானால் தூணுக்குத் திசையே இல்லையா ஐயா?" என்று கேட்டாள் மாணவி.

திசை உண்டு. கிடை அச்சுடன் அது 90 பாகைக் கோணம் அமைக்கிறது. கொத்தனார் அதனை எந்தக் கணக்கும் போடாமலே கண்டுபிடிப்பார். நூலில் தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டால் நூல் காட்டும் வழியே செங்குத்து. கிடைமட்டத்திற்கு ரசமட்டத்தை வைப்பார். குமிழி நடுவில் நின்றால் மட்டம் சரி. சுவரெழுப்பும் ஒருவர் இவ்விரண்டு கருவிகளையும் ஒருபோதும் மாற்றிப் பயன்படுத்தமாட்டார். செங்குத்துக்கோடு குறையுடைய கோடு அன்று. ஓட்டத்தால் வகுத்துக் காணும் ஓர் அளவுகோல் அதனை அளக்கப் போதவில்லை, அவ்வளவே.

இதனால் வேறொரு விதியும் இங்கே தடுமாறுகிறது. ஒன்றுக்கொன்று செங்குத்தாக அமையும் இரு கோடுகளின் சாய்வுகளைப் பெருக்கினால் கழித்தல் ஒன்று வரும் என்று மாணவர்கள் படிக்கின்றனர். ஒன்றின் சாய்வு 2 ஆனால் மற்றொன்றின் சாய்வு கழித்தல் அரை. பெருக்கினால் கழித்தல் ஒன்று. தொட்டியும் தூணும் ஒன்றுக்கொன்று செங்குத்து என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றின் சாய்வுகளைப் பெருக்க முடியாது. ஒன்று சுழி, மற்றொன்றுக்கு எண்ணே இல்லை. விதியை மனப்பாடம் செய்பவர்கள் அதன் அடியில் சிறிய எழுத்தில் இருக்கும் நிபந்தனையைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள். இரு கோடுகளுக்கும் சாய்வு இருக்கும்போது மட்டுமே அவ்விதி பொருந்தும்.

கோடுகளின் சமன்பாடுகளிலும் இவ்வேறுபாடு விளங்கித் தோன்றும். தொட்டிக் கோட்டில் தொலைவு எதுவாயினும் உயரம் 115 என்று எழுதினால் போதும். தூண் கோட்டில் உயரம் எதுவாயினும் தொலைவு 100 என்று எழுத வேண்டும். சாய்வையும் வெட்டுத்துண்டையும் வைத்து எழுதும் வழக்கமான வாய்பாட்டில் தொட்டி அடங்கும். சாய்வின் இடத்தில் சுழியை இட்டால் சரியாகிவிடும். தூண் அவ்வாய்பாட்டில் அடங்காது.

இவ்வாறு பேசிக்கொண்டிருந்தபோது குடையும் கையுமாக முதியவர் ஒருவர் பாலத்தின்மேல் வந்தார். கால்வாயின் கடைமடையில் அவருக்குச் சிறிது நிலம் உண்டு. மாணவர்கள் விரித்து வைத்திருந்த படத்தைக் குனிந்து பார்த்தார். தொட்டியின் கோட்டைக் காட்டி, இது என்ன என்று கேட்டார். தொட்டி கிடைமட்டமானது, அதன் சாய்வு சுழி என்று மாணவன் விளக்கினான்.

முதியவர் நகைத்தார். "மக்களே, மட்டத்தில் தண்ணீர் நிற்கும், வாட்டத்தில்தான் ஓடும். இந்தத் தொட்டி நீ சொல்வது போல மட்டமாய் இருந்தால் என் வயலுக்குத் தண்ணீர் எப்படி வரும்?" என்றார்.

வாட்டம் என்பது கொத்தர் வழங்கும் சொல். மழைநீர் தேங்காமல் வடிவதற்காக மேல்தளத்தில் அவர்கள் கொடுக்கும் சிறு சரிவே அது. மாணவன் திகைத்தான். காலையிலிருந்து கட்டிய கோட்டை ஒரு சொல்லில் சரிந்துவிட்டதோ என்று ஆசிரியரை நோக்கினான்.

"பெரியவர் சொல்வது முற்றிலும் சரி," என்றார் ஆசிரியர். "நாம் தாளில் வரைந்த கோடு கிடைமட்டமானது, அதன் சாய்வு சுழி. கட்டப்பட்ட தொட்டிக்குச் சிறிதளவேனும் வாட்டம் இருந்தாக வேண்டும். அதன் சாய்வு சுழிக்கு மிக அண்மையில் இருக்கலாம். சுழியாக இருக்கக் கூடாது. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. தண்ணீருக்கு ஒன்றல்ல."

கண்ணுக்குத் தெரியாத சாய்வைக் கொண்டு நீரை நடத்துவது மிகப் பழைய கலை. பிரான்சு நாட்டின் தென்பகுதியில் நீம் நகருக்கு நீர் கொண்டுசெல்ல உரோமானியர்கள் முதல் நூற்றாண்டில் ஒரு கால்வாய் அமைத்தனர். அதன் நீளம் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ஊற்றுக்கும் நகருக்கும் இடையே இருந்த உயர வேறுபாடோ 12.6 மீட்டர் மட்டுமே. வகுத்துப் பார்த்தால், ஏறக்குறைய 4,000 மீட்டர் சென்றால் ஒரு மீட்டர் இறங்குகிறது. கார் ஆற்றைக் கடக்க அவர்கள் கட்டிய மூவடுக்குப் பாலம் இன்றும் நிற்கிறது. அப்பாலத்தின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் உள்ள இறக்கம் 2.5 சென்டிமீட்டர் என்று கணித்திருக்கின்றனர். கட்டைவிரலின் அகலம்தான் அது. அந்த ஒரு விரல் அகலம் தவறியிருந்தால் நீர் பாலத்திலேயே தேங்கியிருக்கும். பொறியாளருக்குச் சுழி என்பது ஓர் எல்லைக்கல். அதற்கு இப்புறம் நிற்கிறோமா அப்புறம் நிற்கிறோமா என்பதில்தான் கடைமடை வயலின் விளைச்சல் அடங்கியிருக்கிறது. சாய்வு மிகுதியானாலும் கேடுண்டு. மண் கால்வாயில் நீர் விரைந்து ஓடிக் கரையை அரித்துவிடும்.

முதியவர் குடையை ஊன்றிக்கொண்டு அக்கரை நோக்கி நடந்தார். மாணவன் தன் படத்தில் தொட்டிக் கோட்டின் அருகே, "வரைந்த கோட்டுக்குச் சுழி, தொட்டிக்கு அன்று" என்று எழுதிக்கொண்டான்.

அப்போது மாணவி குறிப்பேட்டைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்தாள். தூண் படுத்துக்கொண்டது, தொட்டி எழுந்து நின்றது. "இப்படித் திருப்பினால் தூணுக்குச் சாய்வு சுழியாகி, தொட்டிக்குச் சாய்வு இல்லாமல் போய்விடுகிறதே ஐயா! கோடுகள் அவைதாமே?" என்றாள்.

"தாளைத் திருப்பியபோது அச்சுகளைத் திருப்பினாயா?" என்று கேட்டார் ஆசிரியர்.

அவள் எண்ணிப் பார்த்தாள். அச்சுகளும் தாளோடு சேர்ந்து திரும்பினால் தொலைவு தொலைவாகவே இருக்கும், உயரம் உயரமாகவே இருக்கும், சாய்வு மாறாது. அச்சுகளை மட்டும் பழைய நிலையில் புதிதாக வரைந்தால்தான் ஏற்றமும் ஓட்டமும் இடம் மாறும். அப்போது தூணுக்குச் சாய்வு கிடைத்துவிடும். ஆகவே சாய்வு என்னும் எண் கோட்டுக்கு மட்டும் உரியதன்று. கோடும், நாம் தேர்ந்துகொண்ட அச்சுகளும் சேர்ந்து தருவது. மாத்தூரில் அச்சுகளைத் தேர்ந்தெடுத்தது மாணவர்களோ ஆசிரியரோ அல்லர். நீர் கீழ்நோக்கி விழுகிறது. தூக்குக்குண்டு கீழ்நோக்கித் தொங்குகிறது. அங்கே புவியீர்ப்பே நிலை அச்சை வரைந்துவிட்டது.

வெயில் ஏறிவிட்டது. பாலத்தின் நிழல் பள்ளத்திலிருந்த தென்னைகளின்மேல் விழுந்திருந்தது. ஆசிரியர் தம் பையிலிருந்து இரு விடைத்தாள்களை எடுத்து அவரவரிடம் கொடுத்தார். மாணவன் தன் முதல் விடையை அப்படியே விட்டுவிட்டான். இரண்டாவது விடையிலிருந்த "சுழி"யை அடித்துவிட்டு, "ஓட்டம் சுழி ஆதலால் சாய்வு வரையறுக்கப்படவில்லை" என்று எழுதினான். மாணவி முதல் விடையை மாற்றினாள். இரண்டாவதில், "சாய்வு இல்லை" என்பதன் அருகே காரணத்தையும் சேர்த்தாள். இருவரும் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, படிகளை எண்ணியவாறே கீழே இறங்கத் தொடங்கினர். பாதி வழியில் எண்ணிக்கை தவறிவிட்டது. இருவரும் மீண்டும் மேலேறி வந்து முதற்படியிலிருந்து எண்ணினர்.